தலைவலியா? கழுத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் வாக்கு. மாதுங்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக பிசியோதெரபி எனும் இயன்முறை மருத்துவம் பார்த்து வருகிறேன். தலைவலி என்று நேராக என்னிடம் வந்தவர்கள் மிகக் குறைவு. கண் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், ஸ்கேன் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில்தான் வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், தாராவியில் தையல் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். வலது பிடரியில் தொடங்கும் வலி, தலையைச் சுற்றி வந்து வலது கண்ணுக்கு மேல் நிற்கும். இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டார். வாரத்தில் நான்கு நாள் வலி மாத்திரை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற பிறகும் பயம் போகவில்லை. "மிஷினை வித்துட்டு ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன் டாக்டரம்மா. பிள்ளை படிப்புதான் யோசனையா இருக்கு" என்றார்.

"அண்ணாச்சி, தைக்கும்போது போன் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். தலையை வலது பக்கம் சாய்த்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக் காட்டினார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

வலி ஓரிடம், வேர் வேறிடம்

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் எலும்புகள் அதைத் தாங்கிக்கொள்ளும். குனிந்தாலோ, முகத்தை முன்னே நீட்டினாலோ, பிடரித் தசைகள்தான் நாள் முழுவதும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

சரி, கழுத்து களைத்தால் நெற்றி ஏன் வலிக்கிறது? கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், நெற்றி, கண், முகம் ஆகியவற்றின் உணர்வைக் கொண்டுவரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சாலில் இரண்டு குடித்தனத்துக்கு ஒரே அழைப்பு மணி இருப்பதுபோல. மணி அடிக்கிறது, யார் வீட்டுக்கு என்று மூளைக்குக் குழப்பம். பிடரியின் வலியைக் கண்ணின் வலியாக எடுத்துக்கொள்கிறது. இந்த வகைத் தலைவலிக்கு 1983இல் தனிப் பெயர் கொடுத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷாஸ்தாத்.

கழுத்துதான் என்று எப்படி அறிவது?

வலி பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும். பிடரியில் தொடங்கி முன்னே வரும். கழுத்தைத் திருப்பினாலோ ஒரே நிலையில் வெகுநேரம் இருந்தாலோ கூடும். நாங்கள் நோயாளியைப் படுக்க வைத்து, கழுத்தை முழுவதும் முன்னே மடக்கி, இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்ப்போம். நலமான கழுத்து சுமார் 40 பாகை திரும்பும். அண்ணாச்சிக்கு வலப்பக்கம் அதில் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் கழுத்து வலிக்கும். தலையைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல் இரு பக்கமும் இறுக்கும் தலைவலியிலும் கழுத்துத் தசை கெட்டிப்படும். ஆகவே கழுத்து வலிப்பதை மட்டும் வைத்து நாமே முடிவு கட்டக்கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிகிச்சையும் பயிற்சியும்

கழுத்தின் மேல் மூட்டுகளைக் கையால் மெல்ல இளக்குவது ஒரு பாதி. தசைகளுக்குப் பயிற்சி மறு பாதி. ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் என்ற இயன்முறை மருத்துவர் தலைமையில் 200 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. ஆறு வாரம் கை சிகிச்சையோ பயிற்சியோ இரண்டுமோ பெற்றவர்களுக்குத் தலைவலி குறைந்தது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். "ஆமாம்" என்று சொல்வதுபோல் தாடையை மெல்லக் கீழே இறக்குங்கள். தலை தரையைவிட்டு எழக்கூடாது. 10 விநாடி, 10 முறை, காலையும் மாலையும்.

2. நிமிர்ந்து உட்கார்ந்து தோள்பட்டை எலும்புகளை லேசாகப் பின்னும் கீழும் இழுங்கள். இதுவும் 10 விநாடி, 10 முறை.

3. வலது கையால் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டு தலையை இடப்பக்கம் சாயுங்கள். 20 விநாடி, மூன்று முறை. பிறகு மறுபக்கம்.

இதமான வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுத்தபின் செய்தால் எளிதாக இருக்கும். வலி கூடினாலோ மயக்கம் வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் குனிந்து கைப்பேசி பார்ப்பவர்கள், மடியில் வைத்துக் காய் நறுக்கும் சகோதரிகள், ஒரே தோளில் பை மாட்டுபவர்கள், அரை மணிக்கு ஒரு முறையாவது தலையை நிமிர்த்துங்கள்.

செய்யக்கூடாதவை

சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்க விடாதீர்கள். கழுத்து எலும்பின் ஊடே மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து, அபூர்வமாகப் பக்கவாதம் வரை போகலாம்.

மாதத்தில் 15 நாளோ மேலோ வலி மாத்திரை விழுங்கி, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை: இடி விழுந்தாற்போல் திடீரென வந்த கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், விழுந்து அடிபட்ட பின் வந்த வலி. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியையும், நாளுக்கு நாள் ஏறும் வலியையும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இவற்றுக்கெல்லாம் பயிற்சி மருந்தாகாது.

அண்ணாச்சிக்கு மிஷின் மேசையைச் சற்று உயர்த்தினோம். போனுக்குக் காதில் மாட்டும் ஒயர் வாங்கிக் கொடுத்தாள் மகள். மாத்திரையை அவருடைய மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார். முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றமில்லை. "பலனில்லையே" என்று சலித்துக்கொண்டார். ஆறாவது வாரம், ஏழு நாளில் ஒரு நாள்தான் வலித்தது. முழுவதும் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளி நெருக்கத்தில் இன்றும் எட்டிப் பார்க்கும். ஆனால் மிஷின் விற்கப்படவில்லை. பயிற்சியை விட்டால் வலி திரும்பும் என்பதை அவரே இப்போது பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.