சின்னமுத்தும் கலியாண வீடும்

வினா: அறுகம்பேயில் உமது சாச்சியின் மகளுக்கு நாளை கலியாணம். உமக்குக் காய்ச்சல், இருமல், கண்களும் சிவந்துள்ளன. இரு வாரங்களுக்கு முன் அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சின்னமுத்து ஏற்பட்டிருந்தது. நீர் செல்வீரா? காரணம் தருக.

விளக்கம்: “கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு செல்வேன்” எனப் பலர் எழுதுவர். இது போதாது. சின்னமுத்து வைரசு நோயாளி வெளியேறிய பின்னும் அறை வளியில் 2 மணித்தியாலம் வரை தொற்றக்கூடியதாக இருக்கும். சஹனைச் சுற்றி உங்களோடு நெருங்கி அமர்ந்தவர்களுக்கு மட்டுமல்ல, நீங்கள் எழுந்துபோன பின் அங்கு வருபவர்களுக்கும் தொற்றலாம்.

“உடம்பில் இன்னும் ஒன்றும் போடவில்லையே” என்று நினைக்க வேண்டாம். சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதற்கு 4 நாட்களுக்கு முன்பிருந்து, தோன்றி 4 நாட்கள் வரை நோய் பரவும்.

இலங்கையில் எம்.எம்.ஆர். தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் ஏற்றப்படுகிறது. கலியாண வீட்டில் ஆறு மாதக் குழந்தை ஒன்று மடியில் இருக்குமாயின் அதற்கு இன்னும் பாதுகாப்பில்லை. நியூமோனியா, மூளை அழற்சி என்பன இந்நோயின் சிக்கல்கள். 2019 இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. எனினும் 2023 இல் மீண்டும் பரவியது.

ஆகவே செல்லக்கூடாது. சாச்சி மனம் நோவார்தான். தொலைபேசியில் காரணத்தைச் சொல்லுங்கள். வைத்தியரை நாடும்போதும் முன்கூட்டியே அறிவித்துச் செல்லுங்கள், அங்கும் கைக்குழந்தைகள் காத்திருப்பர்.

குறிப்பு: வினா கொப்புளிப்பானைப் பற்றியதாயின், எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்கு கட்டும்வரை வீட்டில் இருக்க வேண்டும் என எழுதுக.