கணினியின் நாடி

எங்கள் வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. கடந்தகால வினாத்தாள் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் பிரவுசரில் நாலைந்து பக்கங்களையும் திறந்தால் போதும், சுட்டி அசையாமல் நின்றுவிடும். திருத்தும் கடையில், “பழைய புரொசெசர். போர்டோடு சேர்த்து மாற்றினால்தான் சரிவரும்” என்றார்கள். தொகையைக் கேட்டு வாப்பா பேசாமல் இருந்தார். உம்மா தன் சீட்டுக் காசைத் தருவதாகச் சொன்னார். அது மழைக்கு முன் கூரைத் தகடு மாற்ற வைத்திருந்த காசு. உயர்தரத்தில் ஐ.சீ.ரீ. படிக்கும் நான் ஒரு தரமாவது சோதித்துப் பார்க்காமல் அந்தக் காசைச் செலவழிக்கவிடுவது வெட்கம் என்று தோன்றியது.

சோதிப்பதற்கு எதையும் விலைக்கு வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் பாவிப்போர் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று சாவிகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். மைக்ரோசொஃப்ட்டில் பணியாற்றிய டேவ் பிளம்மர் என்ற பொறியியலாளர் எழுதிய இந்த மென்பொருள், 1996இல் வெளியான விண்டோஸ் என்.டி. 4.0 உடன் வந்தது. உறைந்துபோன மென்பொருளை மூடுவதற்கு மட்டுமே நம்மில் பலர் இதைத் திறக்கிறோம். ஆனால் எந்த மென்பொருள் எவ்வளவு வேலை வாங்குகிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வன்தட்டு என்ன செய்கிறது என்பவற்றையெல்லாம் சாதாரணமாகச் செக்கனுக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டுவதும் இதுவே.

நான் முதலில் செய்தது ஒரு பெரிய பிழை. விவரப் பட்டியலைத் திறந்து, சீ.பீ.யூ. என்ற நிரலைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒழுங்குபடுத்தினேன். உச்சியில் ‘சிஸ்டம் ஐடில் புரொசெஸ்’ என்ற பெயருக்கு நேரே 94 என்று இருந்தது. கள்ளன் பிடிபட்டான் என்று நினைத்தேன். அதை நிறுத்தவும் முயன்றேன், முடியவில்லை. அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொன்னபோது டீச்சர் சிரிக்கவில்லை. “ஐடில் என்றால் என்ன மகள்?” என்று மட்டும் கேட்டார்.

ஐடில் என்றால் சும்மா இருத்தல். புரொசெசருக்குச் செய்ய எந்த வேலையும் இல்லாத நேரத்தை எழுதிவைக்கும் கணக்கே அந்த வரி. 94 என்றால் நூற்றில் 94 பங்கு நேரம் புரொசெசர் ஓய்வாக இருக்கிறது என்று பொருள். வேலையே செய்யாதவனை நான் வேலை மிகுந்தவன் என்று பிடித்திருக்கிறேன்!

இந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்பதை எமது ஆய்வுகூடத்தில் லினக்ஸ் உள்ள கணினியில் விளங்கிக்கொள்வது இலகு. அங்கே இதே வேலைக்கு ‘டொப்’ என்ற கட்டளை உண்டு. வில்லியம் லெஃபெவர் என்பவர் 1984இல் யுனிக்ஸ் கணினிகளுக்காக இந்தப் பெயரில் ஒரு மென்பொருளை எழுதினார். கணினி தொடங்கிய நேரத்திலிருந்து ஒவ்வொரு கோரும் எவ்வளவு நேரம் வேலை செய்தது, எவ்வளவு நேரம் ஓய்வாக இருந்தது என்பதைப் பணிசெயல் முறைமை கூட்டிக்கொண்டே வரும். டொப் அந்தக் கணக்கை இரண்டு தடவை வாசித்து, பின்னையதிலிருந்து முன்னையதைக் கழிக்கிறது. எங்கள் வீட்டுக் கணினியில் இரண்டு கோர்கள். ஆகவே ஒரு செக்கனில் கிடைப்பது இரண்டு செக்கன் அளவான வேலை நேரம். அதில் 1.88 செக்கன் ஓய்வு என்றால் 94 சதவீதம். ஒரு கணத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு கோர் வேலையில் இருக்கும் அல்லது ஓய்வில் இருக்கும். 6 சதவீதம் வேலை என்பது அந்தக் கணத்தின் நிலை அல்ல, ஒரு இடைவெளியின் சராசரி.

இங்கே இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரே கோரில் மட்டும் ஓடும் மென்பொருள் ஒன்று சிக்கிச் சுழன்றுகொண்டிருந்தால், இரண்டு கோர் கணினியில் டாஸ்க் மெனேஜர் 50 என்றே காட்டும். நான்கு கோர் என்றால் 25. டொப் வழமையாக ஒரு கோரை நூறாக எடுப்பதால் அதே மென்பொருளுக்கு 100 என்று காட்டும். ஒரே நோய், மூன்று எண்கள்.

சரி, புரொசெசர் ஓய்வாக இருக்கிறது. ஆனாலும் சுட்டி அசையவில்லை. அப்படியானால் அது எதற்காகக் காத்திருக்கிறது? டொப்பில் இதற்கென்றே ‘டபிள்யூ.ஏ.’ என்ற தனி எண் உண்டு. வன்தட்டு தரவைக் கொடுக்கும்வரை புரொசெசர் சும்மா நின்ற நேரம் அது. டாஸ்க் மெனேஜரில் அப்படிப் பிரித்துக் காட்டும் எண் கிடையாது. காத்திருப்பதும் ஓய்வுக்குள்ளேயே போய்விடும். ஆகவே மற்ற இரண்டு வரிகளையும் நாமே சேர்த்துப் பார்க்கவேண்டும். நாடி பார்க்கும் பரிகாரி ஒரு விரலை மட்டும் வைப்பதில்லையே. வீட்டில் மீண்டும் பார்த்தேன். சீ.பீ.யூ. 6, நினைவகம் 93, வன்தட்டு 100.

வன்தட்டின் 100ஐப் பார்த்ததும் தட்டு நிரம்பிவிட்டது என்று நானா பயந்துவிட்டார். அதுவல்ல. பார்த்த நேரம் முழுவதும் வன்தட்டு ஏதோ ஒரு கோரிக்கையைச் செய்துகொண்டே இருந்தது என்பதே பொருள். ஆனால் அது வாசித்த அளவோ செக்கனுக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. முழு நேரமும் வேலை, ஆனால் விளைவு அற்பம். இது எப்படி? நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் ஆகும். தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2. தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் ஒரு 9 என்று வைப்போம். மொத்தம் சுமார் 13. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் செக்கனுக்கு ஏறத்தாழ 75 தடவைதான் எடுக்கலாம். ஒவ்வொரு துண்டும் 4 கிலோபைட் என்றால் 300 கிலோபைட். அவ்வளவுதான்.

அந்த 4 கிலோபைட் துண்டுதான் நாம் மெய்நிகர் நினைவகம் என்ற பாடத்தில் படிக்கும் ‘பக்கம்’. எங்கள் கணினியில் ரெம் 4 ஜிகாபைட். திறந்திருக்கும் மென்பொருள்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்டால், சில பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பக்கங்களைப் பணிசெயல் முறைமை உள்ளே எடுக்கும். நோன்பு காலத்தில் எங்கள் குசினியின் சின்ன மேசையில் இதுதான் நடக்கும். வெங்காயம் வெட்ட இடம் வேண்டுமென்றால் கஞ்சிக்கான தேங்காயைச் சாமான் அறையில் வைத்துவிட்டு வரவேண்டும். அடுத்த நிமிடம் தேங்காய் தேவைப்படும். கை வேலை செய்யும் நேரத்தைவிடக் கால் நடக்கும் நேரம் கூடிவிடும். கணினியில் இந்த நிலைக்கு ‘த்ரஷிங்’ என்று பெயர். இதற்கான காரணத்தையும் தவிர்க்கும் வழியையும் பீட்டர் டெனிங் 1968இலேயே எழுதிவிட்டார்.

இது சந்தேகம்தான், சாட்சி வேண்டும். டாஸ்க் மெனேஜரின் வழியாகவே ‘ரிசோர்ஸ் மொனிட்டர்’ என்ற இன்னொரு கருவியைத் திறக்கலாம். அதன் நினைவகப் பகுதியில் ‘ஹார்ட் ஃபோல்ட்’ என்றொரு வரைபு இருக்கிறது. தேவையான பக்கம் ரெமில் இல்லாமல் வன்தட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் அதில் பதிவாகும். ஒரு மென்பொருளைப் புதிதாகத் திறக்கும்போதும் அது ஏறும், அது இயல்பு. ஆகவே எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, எதையும் தொடாமல் பத்து நிமிடம் காத்திருந்தேன். வரைபு இறங்கவே இல்லை. வன்தட்டுப் பகுதியில் அதிகம் வாசிக்கப்பட்ட கோப்பு ‘பேஜ்ஃபைல்’. அனுப்பிவைத்த பக்கங்கள் கிடக்கும் கோப்பு அதுதான்.

நினைவகம் நிரம்பியிருப்பது மட்டும் குற்றமல்ல என்பதையும் சொல்லவேண்டும். வெறுமனே கிடக்கும் ரெமில், பிறகு தேவைப்படலாம் என்று முன்பு வாசித்த கோப்புகளைப் பணிசெயல் முறைமையே வைத்திருக்கும், கேட்டவுடன் விட்டுக்கொடுக்கும். நிரம்பியிருப்பதும் ஹார்ட் ஃபோல்ட் தொடர்ந்து ஏறியே இருப்பதும் சேர்ந்து வந்தால்தான் நோய்.

எண்களையெல்லாம் கொப்பியில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். புரொசெசர் 94 பங்கு சும்மா இருக்கிறது, அதைவிட வேகமானதை வாங்கினால் அது இன்னும் கூடுதலாகச் சும்மா இருக்கும் என்றேன். வாப்பா கொப்பியை இரண்டு முறை பார்த்தார். டாஸ்க் மெனேஜரின் நினைவகப் பக்கத்தில் ரெம் செருகும் இடங்கள் இரண்டில் ஒன்றே பாவனையில் இருப்பதாகவும் இருந்தது. அதே வகையில் இன்னொரு 4 ஜிகாபைட்டைப் பழைய சாமான் கடையொன்றில் நானா தேடி எடுத்தார். அது கூரைக் காசில் கைவைக்காத விலை.

அதே பக்கங்களைத் திறந்து அதே பத்து நிமிடம் காத்திருந்தேன். நினைவகம் 58. வன்தட்டு 3க்கும் 10க்கும் இடையில். ஹார்ட் ஃபோல்ட் வரைபு தரையோடு கிடந்தது. சுட்டி ஓடுகிறது. ஆனால் காலையில் கணினி தொடங்க இன்னும் மூன்று நிமிடம் எடுக்கிறது. அது ரெமின் குற்றமல்ல, சுழலும் தட்டின் குணம். அதற்கு எஸ்.எஸ்.டி. வேண்டும். “அது அடுத்த சீட்டுக்கு” என்கிறார் உம்மா.