மலிவாக ஒரு சீனச் சமையல்: வீட்டிலேயே மாப்போ டோஃபு

சீனச் சாப்பாடு என்றாலே ஓட்டலுக்குப் போகவேண்டும், நூறு நூறாகச் செலவழிக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சீனாவில் வீட்டுக்கு வீடு செய்யும் டோஃபு சமையலோ பெரும்பாலும் எளிய மக்களின் உணவு. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்றை, கடையில் டோஃபுகூட வாங்காமல் நம் அடுப்படியிலேயே தயாரிக்கும் முறையை இங்கே பார்ப்போம். சைவக் குடும்பங்களுக்கும் ஏற்றது.

பாலத்தடியில் பிறந்த பண்டம்

சீனாவின் சிச்சுவான் மாநிலத் தலைநகர் செங்டு. அந்நகரின் வடபுறத்தில் வான்ஃபு பாலத்தருகே 1862-ஆம் ஆண்டு சென் என்ற குடும்பத்தார் ஒரு சிறு சாப்பாட்டுக் கடை தொடங்கினார்கள். எண்ணெய் சுமந்து செல்லும் கூலியாட்கள் அங்கே இளைப்பாறுவார்கள். தங்கள் சுமையிலிருந்தே கொஞ்சம் எண்ணெய் எடுத்துக் கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்வார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. கடைக்கார அம்மாளின் முகத்தில் அம்மைத் தழும்பு. ‘மா’ என்றால் தழும்பு. ‘போ’ என்றால் வயதான பெண்மணி. அந்த அம்மாளின் பெயரே பண்டத்துக்கும் நிலைத்துவிட்டது. ‘மா’ என்ற அதே சொல்லுக்கு ‘மரத்துப்போதல்’ என்றும் பொருள் உண்டு. நாக்கைச் சற்றே மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகு இந்தச் சமையலின் உயிர்நாடி என்பதால், பெயர் இரண்டு வகையிலும் பொருந்திவிட்டது.

அசல் முறையில் கொத்திய மாட்டிறைச்சி சேர்ப்பார்கள். அதற்குப் பதில் காளான் போட்டாலும் சுவை குறையாது.

ஏன் வீட்டில் செய்யவேண்டும்?

நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அதே அளவு சோயா பீன்ஸில் சுமார் 36 கிராம். கால் கிலோ சோயா பீன்ஸும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தால் ஏறத்தாழ 400 கிராம் டோஃபு கிடைத்துவிடும். அதே எடைக்குப் பனீர் என்ன விலை என்று உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில்தான் சோயா அதிகம் விளைகிறது என்பதால், அங்கு வாழும் நம்மவர்களுக்கு இது எளிதில் கிடைக்கும்.

டோஃபு தயாரிக்கும் முறை

1. கால் கிலோ சோயா பீன்ஸைக் கழுவி 8 மணி நேரம் ஊறவைக்கவும். வட இந்தியக் குளிர்காலத்தில் 12 மணி நேரம் தேவைப்படும்.

2. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் ஒன்றரை லிட்டர் அளந்து வைத்துக்கொண்டு, அதைச் சிறிது சிறிதாக விட்டு மிக்சியில் நைசாக அரைக்கவும். மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாகப் பிழிந்து பால் எடுக்கவும்.

3. பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்சவும். இங்கேதான் கவனம் வேண்டும். நன்றாகக் கொதிக்கும் முன்பே நுரை பொங்கி மேலே வரும். அதைக் கொதி என்று எண்ணி இறக்கிவிடக் கூடாது. பச்சைச் சோயாப் பாலில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அரைவேக்காட்டில் குடித்தால் குமட்டலும் வாந்தியும் வரும். தீயைக் குறைத்து நுரையை அடக்கி, உண்மையான கொதி வந்த பிறகு 10 நிமிடம் கொதிக்கவிடவும்.

4. இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடவும். மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அரைக் கப் நீரில் கலந்து, மூன்று தடவையாக ஊற்றி மெதுவாக ஒரு சுற்றுக் கிளறவும். வேகமாகக் கிளறினால் கட்டி உடைந்து டோஃபு சொரசொரப்பாகிவிடும். மூடிப் பத்து நிமிடம் வைத்தால் பால் திரிந்து, தெளிந்த நீர் தனியே நிற்கும். தெளியாவிட்டால் இன்னும் சிறிது சாறு விடலாம்.

5. துணி விரித்த வடிதட்டில் ஊற்றி மடித்து, மேலே ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து 15 நிமிடம் அழுத்தவும். மாப்போவுக்கு மிருதுவான டோஃபுதான் வேண்டும்; அதிக பாரம் வைக்கவேண்டாம்.

பிழிந்த சக்கையை எறியாதீர்கள். அடை மாவிலோ வடை மாவிலோ கலக்கலாம். அது வேகாத சக்கை என்பதால் உள்வரை நன்றாக வேகவேண்டும்.

மாப்போ டோஃபு (நான்கு பேருக்கு)

தேவையான பொருட்கள்: டோஃபு 400 கிராம், பொடியாக நறுக்கிய காளான் 100 கிராம், காய்ந்த மிளகாய் 8, பூண்டு 6 பல், இஞ்சி ஓர் அங்குலம், சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளார் ஒன்றரை மேசைக்கரண்டி, வெங்காயத்தாள் ஒரு பிடி, சிச்சுவான் மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு.

சிச்சுவான் மிளகு கிடைக்காதவர்கள் வருந்தவேண்டாம். அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவிலேயே உண்டு. மும்பை, கோவா பக்கம் மீன் குழம்பில் போடும் ‘திர்ஃபள்’ ஒன்று. நேபாளம், டார்ஜிலிங், உத்தராகண்ட் பக்கம் ‘திமூர்’ மற்றொன்று. திர்ஃபள் கேட்டால் நாட்டு மருந்துக் கடையில் திரிபலா சூரணத்தை எடுத்துத் தந்துவிடுவார்கள், ஜாக்கிரதை! எதுவானாலும் உள்ளிருக்கும் கறுப்பு விதையை நீக்கி, மேல்தோலை மட்டும் வறுத்துப் பொடிக்கவும்.

செய்முறை: மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துக்கொள்ளவும். டோஃபுவை முக்கால் அங்குலத் துண்டுகளாக்கி, கொதிக்கும் உப்பு நீரில் ஐந்து நிமிடம் போட்டு வைக்கவும். துண்டுகள் எளிதில் உடையாது. உப்பும் உள்ளே இறங்கும்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் காளானை நீர் வற்றும்வரை வதக்கவும். பிறகு தீயைக் குறைத்து மிளகாய் விழுதைப் போட்டு, எண்ணெய் சிவந்து பிரியும்வரை வதக்கவேண்டும். அவசரப்பட்டால் பச்சை வாசனை நிற்கும். பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு சேர்த்து அரை நிமிடம் வதக்கி, ஒன்றேகால் கப் நீர், சோயா சாஸ், சர்க்கரை விடவும். சாஸிலேயே உப்பு அதிகம் என்பதால் ருசி பார்த்தே உப்புச் சேர்க்கவும்.

டோஃபுவை நீர் வடித்து மெதுவாக இட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடவும். கரண்டியின் பின்புறத்தால் தள்ளிவிட்டால் போதும், கிளறவேண்டாம். கார்ன்ஃப்ளாரை மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து மூன்று தடவையாக ஊற்றவும். ஒரே தடவையில் ஊற்றினால் கட்டி தட்டும். கெட்டியாகித் துண்டுகளில் ஒட்டியதும் இறக்கி, மிளகுப் பொடியும் வெங்காயத்தாளும் தூவவும். சுடச்சுட வெள்ளைச் சோற்றுடன் பரிமாறவும்.

சில குறிப்புகள்

செங்டுக்காரர்கள் மொச்சை வகைப் பயறையும் மிளகாயையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுதைச் சேர்ப்பார்கள். பெருநகரக் கடைகளில் கிடைத்தால் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, மிளகாயைப் பாதியாக்கி, சோயா சாஸையும் குறைத்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகளுக்கு மிளகாயை இரண்டாகக் குறைத்து, சிச்சுவான் மிளகைத் தவிர்க்கலாம்.

மீந்த டோஃபுவை நீரில் மூழ்கவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் நீரை மாற்றி, மூன்று நாளுக்குள் தீர்க்கவும். சோயா ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும். தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர், மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சனிக்கிழமை இரவு பீன்ஸை ஊறப்போட்டால் ஞாயிறு மதியம் பண்டம் தயார். நுரையைக் கொதி என்று நம்பாமலும், மிளகாயை அவசரமாக வதக்காமலும் செய்தால் முதல் தடவையே நன்றாக வரும். சுமைகூலிகளின் பசியாற்றிய பண்டம், நம் பிள்ளைகளின் பசியையும் ஆற்றட்டும்.