துணைவிசையுடன் ஓர் உலா

நுழையும்முன்

மேல்நிலை முதலாண்டில் கைக்கு வரும் விலையில்லா மிதிவண்டி, வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவைச் சுருக்குகிறது. அத்தகைய வண்டியுடன் ஒரு மின்னோடியும் மின்கலமும் சேர்ந்தால் கால்களின் வேலை என்னவாகும்? ஏற்றம் எளிதாகுமா? புதிய மின்மிதிவண்டியை மனமகிழ்வுக்காக ஓட்டத் தொடங்கும் ஒருவர் அதன் ஆற்றலையும் எல்லையையும் அறிந்துகொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் பிறப்பும்

மிதிவண்டி என்னும் சொல்லே அவ்வூர்தி இயங்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறது. இலங்கைத் தமிழர் அதனைத் துவிச்சக்கரவண்டி என்பர். ஈருருளி என்னும் ஆக்கமும் உண்டு. இவ்விரு பெயர்களும் சக்கரங்களை எண்ணிக் காட்டுகின்றன. மிதிவண்டி என்பதோ மிதிப்பவரின் உழைப்பைச் சுட்டுகிறது. மின்விசை சேர்ந்த பின்னரும் மின்மிதிவண்டி என்னும் பெயரில் ‘மிதி’ நீங்காமல் நிற்பது பொருத்தமே. அதனை மின்வண்டி எனச் சுருக்கி வழங்குவோர், அவ்வூர்தியின் பாதி இயல்பை மறைத்துவிடுகின்றனர்.

செருமானியரான கார்ல் டிரைஸ் 1817 ஆம் ஆண்டில் உருவாக்கிய இருசக்கர ஊர்தியில் மிதிகட்டையே இல்லை. அமர்ந்தவர் கால்களால் தரையை உந்திச் சென்றார். மிதிகட்டையும் சங்கிலியும் பின்னர் வந்தன. அமெரிக்கரான ஆக்டன் போல்டன் என்பார், பின்சக்கரத்தின் நடுவில் மின்னோடி அமைந்த மிதிவண்டிக்கு 1895 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலத்து மின்கலங்களின் எடை மிகுதி. அவை தரும் ஆற்றலோ குறைவு. ஆகவே அக்கருத்து நெடுங்காலம் பயன்பாட்டிற்கு வராது கிடந்தது. மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்பத் துணைவிசை தரும் வண்டியை 1993 இல் சப்பானின் யமாஹா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்த லித்தியம் அயனி மின்கலம் பரவிய பிறகே மின்மிதிவண்டி பொதுமக்களை எட்டியது. அம்மின்கலத்தின் உருவாக்கத்திற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவர் 2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இவ்வூர்தி யாருக்கு உரியது என்னும் வினா எழலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் பலர், மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தம் ஊருக்கு அப்பால் தாமே சென்றுவரும் உரிமையை அது அவர்களுக்குத் தந்தது. அன்று இருபது, இருபத்தைந்து வயதில் இருந்தோர் இன்று அறுபதை நெருங்கியோ கடந்தோ நிற்கின்றனர். எதிர்க்காற்றும் மேட்டுநிலமும் முழங்கால் வலியும் இவ்வயதினரை மிதிவண்டியிலிருந்து இறக்கிவிடுகின்றன. மின்மிதிவண்டி விளையாட்டுப்பொருள் அன்று. இறங்கியவரை மீண்டும் ஏற்றிவிடும் கருவி. அவ்வகையில் இளைஞரைக் காட்டிலும் முதியவர்க்கே அது மிகுதியாகப் பயன்படுகிறது எனலாம்.

உழைப்பின் பங்கீடு

நலமுள்ள ஒருவர் களைப்பின்றி நெடுநேரம் மிதிக்கும்போது வெளிப்படும் திறன் ஏறத்தாழ 75 முதல் 100 வாட் வரை. பொதுவாகக் கிடைக்கும் மின்னோடியின் திறன் 250 வாட். அஃதாவது, ஒருவர் மிதிக்கும்போது இன்னும் இருவர் மூவர் உடன் மிதிப்பது போன்ற நிலை ஏற்படுகிறது. இத்துணைவிசை எப்பொழுது, எவ்வளவு வந்து சேரும் என்பதை வண்டியிலுள்ள உணரி முடிவுசெய்கிறது.

உணரி இருவகைப்படும். ஒருவகை, மிதிகட்டை சுழல்கிறதா என்பதை மட்டும் அறியும். மெதுவாக மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும் அது ஒரே அளவு விசையையே தரும். அவ்விசையும் சற்றுத் தாமதித்தே வரும். மிதிப்பதை நிறுத்திய பின்னரும் ஒரு கணம் நீடிக்கும். மற்றொரு வகை, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் அளந்து அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தரும். முன்னது விலை குறைந்தது. பின்னது தன் கால்களே வலிமை பெற்றன என்னும் உணர்வை ஓட்டுபவர்க்குத் தருவது. வாங்குமுன் இவ்வேறுபாட்டைக் கேட்டறிவோர் சிலரே. பலர் வண்டியின் நிறத்தையும் விளக்கையும் பார்த்து வாங்கிவிட்டு, அது தம் கட்டுக்குள் நில்லாமல் ஓடுகிறது எனப் பின்னர்க் குறைபடுவர்.

முதல் வகை உணரி பொருத்திய வண்டியில் புதியவர்க்கு நேரும் இடர் ஒன்றுண்டு. சாலைச் சந்திப்பில் நிற்கும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை மிதிகட்டையின்மேல் வைத்துக்கொள்வது நெடுநாள் பழக்கம். அக்கால் அறியாமல் சிறிது அழுத்திவிட்டால் வண்டி முன்னே பாயும். பிரேக் பிடியை இலேசாக அழுத்திக்கொண்டு நிற்பதே இதற்குரிய காப்பு. பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பிடியுடன் ஒரு சொடுக்கி இணைக்கப்பட்டிருக்கும். பிடியை அழுத்தியதும் அது மின்னோடிக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். முதல் சில நாள்கள் ஆளில்லாத திடலில், துணைவிசையை மிகக் குறைந்த நிலையில் வைத்துப் புறப்படவும் நிற்கவும் திரும்பவும் பழகிய பிறகே சாலைக்கு வருதல் நன்று. வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டுவதால், அது நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவும் பழைய மிதிவண்டியினும் கூடுதல்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், துணை மின்னோடி பொருத்திய மிதிவண்டிக்குச் சில வரையறைகளை வகுத்துள்ளன. மின்னோடியின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போதோ, ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தும்போதோ துணைவிசை நின்றுவிடுதல் வேண்டும். பிற நிபந்தனைகளும் நிறைவுபெற்றால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்னும் அளவுகளே பின்பற்றப்படுகின்றன.

மின்கலம் என்னும் களஞ்சியம்

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என மின்கலத்தின்மீது எழுதப்பட்டிருந்தால், அவ்விரண்டையும் பெருக்கக் கிடைக்கும் 360 வாட்-மணியே அதன் கொள்ளளவு. களஞ்சியத்தில் உள்ள நெல்லை அளந்து செலவிடும் உழவரைப் போல, உலாச் செல்பவரும் இவ்வளவை நினைவில் கொள்ளுதல் வேண்டும். விளம்பரத்தில் காணும் கிலோமீட்டர்க் கணக்கு, சமநிலத்தில், காற்றில்லாத பொழுதில், மிகக் குறைந்த துணைவிசையில் கிடைப்பது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதனை 25 ஆக உயர்த்தினால், காற்றுக்கெனச் செலவாகும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகும். சற்று மெதுவாகச் செல்பவர் நெடுந்தொலைவு செல்வார்.

காவிரிப் படுகையின் வாய்க்கால் கரைகளில் உலாவுவோர்க்கு இக்கணக்கு பெரிதாகத் தேவைப்படாது. மலையை நாடுவோர்க்கு அது இன்றியமையாதது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அப்பாதை, பயணியை ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிச்செல்கிறது. ஓட்டுபவர், வண்டி, நீர், உடைமை எல்லாம் சேர்ந்து 100 கிலோ எனக் கொண்டால், அவ்வெடையை அவ்வுயரத்திற்குத் தூக்க மட்டும் சுமார் 327 வாட்-மணி ஆற்றல் தேவை. டயரின் உராய்வைக் கடக்க மேலும் சிறிது வேண்டும். மின்கலத்தில் இருப்பதோ 360. அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மின்னோடியிலும் கட்டுப்படுத்தியிலும் வெப்பமாகிவிடும். ஆகவே கால்களை ஓய்வாக வைத்துக்கொண்டு மின்னோடியை மட்டும் நம்பி ஏறுபவர், ஏரியைக் காணுமுன்பே வழியில் நின்றுவிடுவார். அவரே 80 வாட் அளவில் ஒன்றரை மணி நேரம் மிதித்தால் 120 வாட்-மணி அவர் பங்காகும். எஞ்சியதை மின்னோடி தரும். சிறிதளவு மின்சாரம் மீந்திருக்கவும் கூடும். மூன்றில் ஒரு பங்கு உழைப்பு, உச்சியை அடைவதா இல்லையா என்பதை முடிவுசெய்கிறது.

மின்னோடி அமைந்த இடமும் மலையேற்றத்தில் வேறுபாட்டை உண்டாக்கும். பின்சக்கரத்தின் நடுவில் அமைந்த மின்னோடி, சக்கரம் சுழலும் வேகத்தோடு பிணைக்கப்பட்டது. செங்குத்தான வளைவில் வண்டி நடைவேகத்திற்குக் குறையும்போது மின்னோடியும் மெதுவாகச் சுழலும். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். தொட்டுப் பார்க்கக் கை கூசும் அளவுக்குச் சூடேறினால் நிழலில் நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். மிதிகட்டையின் அச்சருகே அமைந்த மின்னோடியோ சங்கிலி வழியே விசையைச் செலுத்துவதால், பின்னுள்ள பெரிய பல்சக்கரத்திற்கு மாற்றிக்கொண்டு எளிதாக ஏற இயலும். விலையும் சங்கிலித் தேய்மானமும் அதில் மிகுதி.

மின்னளவைக் காட்டும் திரையை முழுதும் நம்புதல் தகாது. ஏறும்போது இரண்டு கோடுகள் எனக் காட்டுவது, சமநிலத்திற்கு வந்ததும் மூன்றாக உயரும். சுமை மிகும்போது மின்கலத்தின் மின்னழுத்தம் தற்காலிகமாகத் தாழ்வதே இதற்குக் காரணம். சென்ற வழி, தொலைவு, காற்று, மீந்த மின்னளவு ஆகியவற்றைச் சில வாரங்கள் ஒரு சிறு ஏட்டில் குறித்துவைப்பவர், தம் வண்டியைத் திரையினும் நன்கு அறிவார். மின்னோடியை அணைத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் மிதித்துப் பார்த்தலும் தேவை. மின்சாரம் தீர்ந்த வண்டியை எவ்வளவு தொலைவு தம்மால் கொண்டுவர இயலும் என்பதை வீட்டருகிலேயே அறிந்துகொள்ளலாம். நடுவழியில் அறிவதைக் காட்டிலும் அது நல்லது.

இறக்கம்

ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படும் பலர் இறக்கத்தை எளிதென எண்ணிவிடுகின்றனர். ஏறும்போது சேர்த்துவைத்த 327 வாட்-மணி ஆற்றலும் இறங்கும்போது வெளிப்பட்டாக வேண்டும். அஃது ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யும் வெப்பத்திற்கு இணையானது. காற்றும் டயரும் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டாலும், எஞ்சியதைப் பிரேக்கின் மெல்லிய வட்டத்தகடுகளே தாங்க வேண்டும். சில வண்டிகளே இறக்கத்தில் சிறிதளவு மின்சாரத்தை மீட்டு மின்கலத்தில் சேர்க்கும். பெரும்பாலானவற்றிற்கு அத்திறன் இல்லை. பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்தபடி இறங்கினால் தகடு சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் இரு பிரேக்குகளையும் அழுத்தி வேகத்தைத் தணித்து, பின் பிடியை விட்டுத் தகட்டை ஆறவிட்டு, மீண்டும் அழுத்துதல் முறை. மழைநாளில் இத்தொலைவு இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். இடையில் இருமுறை நின்று இறங்குவதில் இழுக்கொன்றும் இல்லை. நின்ற இடத்தில் தகட்டை விரலால் தொடுதல் மட்டும் கூடாது.

பேணுதல்

மின்கலத்திற்கு வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் மின்கலம் விரைந்து முதுமை அடையும். ஓட்டி முடித்ததும் ஆறவிட்டு, உரிய மின்னேற்றியைக் கொண்டே, ஆள் விழித்திருக்கும் நேரத்தில், வாயிற்படியை மறிக்காத இடத்தில் மின்னேற்றம் செய்தல் வேண்டும். விலை குறைவென வேறொரு மின்னேற்றியை வாங்கிப் பொருத்துதல் தீ விபத்திற்கு இடமளிக்கும். பல நாள் பயன்படுத்தாது வைக்க நேர்ந்தால், முழுதும் நிரப்பாமலும் முழுதும் தீரவிடாமலும் பாதியளவில் வைத்தல் நன்று.

எவ்வளவு பேணினாலும் சில நூறு முறை நிறைந்து வடிந்த மின்கலத்தின் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். 360 வாட்-மணி தந்தது, சில ஆண்டுகள் கழித்து அதன் எண்பது விழுக்காடாகிய 288 மட்டுமே தரும். மலையின் உயரமோ மாறுவதில்லை. அப்பொழுதும் அதே ஏற்காட்டுப் பாதையில் ஏற விரும்புபவர், தம் கால்களின் பங்கை மூன்றில் ஒன்றிலிருந்து ஏறத்தாழப் பாதியாக உயர்த்திக்கொள்ள வேண்டும். அல்லது பாதி வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, மின்னேற்றிக்கு ஓர் இணைப்புக் கேட்க வேண்டும்.