புதிய புல்தரையும் களைகளும்

கட்டடம் எழும்பியதும் அதன் முன்னுள்ள வெற்றிடத்தில் பசும்புல் வளர்க்க விரும்புவது இயல்பு. ஆயினும், விசாலமான நிலத்தில் அவசரமாகப் புல்லை நட்டு, ஓராண்டுக்குள் அதனைக் கோரைக்கும் பார்த்தீனியத்துக்கும் பறிகொடுத்தவர் பலர். களை மூடிய பின்னர்ப் போராடுவதினும், நடுவதற்கு முன் சில மாதங்கள் பொறுத்து நிலத்தைச் சீர்படுத்துவதே சிக்கனமாகும்.

சாமராஜநகர் மாவட்டத்து ஹனூரை உதாரணமாகக் கொள்வோம். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை, கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகாவில் அடங்கியிருந்த ஊர் இது. இங்குப் பெரும்பாலும் மணற்பாங்கான செம்மண்ணைக் காண்கிறோம். இதில் மட்கும் தழைச்சத்தும் குறைவு. மழை பெய்து ஓய்ந்ததும் மேற்பரப்பு ஓடுபோல இறுகுகிறது. கட்டட வேலையின்போது மேல்மண் அகற்றப்பட்டு, செங்கல் துண்டுகள் கலந்து, லாரிச் சக்கரங்களால் அமுங்கிவிட்டால் நிலைமை மேலும் கெடும். அத்தகைய நிலத்தில் புல் நெருங்கி வளராது. அது விட்ட இடைவெளியில் களை குடியேறும். ஆகவே களை, மண்ணின் குறையைக் காட்டும் அடையாளமுமாகும்.

களைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பார்த்தீனியம் விதையால் பரவுவது. ஒரே செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. பூக்குமுன் கையுறை அணிந்து வேருடன் பிடுங்கினால் அதனை ஒடுக்கலாம். கோரையோ மண்ணுள் சங்கிலிபோலத் தொடரும் கிழங்குகளால் பெருகுகிறது. மேலே கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். வெளியிலிருந்து வண்டல் வாங்கிப் பரப்புவோர், பல சமயங்களில் கோரைக் கிழங்கையும் விலைகொடுத்து வாங்குகின்றனர் என்பதை மறத்தலாகாது.

இவ்வூரின் பருவநிலையே நமக்குத் துணை செய்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிலத்தை ஆழ உழுது, மேலே வரும் கிழங்குகளை வெயிலில் காயவிட்டுப் பொறுக்குக. மே மாத மழையில் முளைக்கும் களைகளைப் பூக்குமுன் மேலாகக் கொத்தி அழிக்க. ஆழக் கொத்தினால் புதைந்துள்ள விதைகள் மேலே வரும். அடுத்து முளைப்பனவற்றையும் அவ்வாறே அழித்து, செப்டம்பர் மழைத் தொடக்கத்தில் புல்லை நடலாம்.

நடுவதற்கு முன் நன்கு மக்கிய எருவை 2 செ.மீ. கனத்திற்குப் பரப்பிக் கலக்க வேண்டும். 1,000 சதுர மீட்டர் நிலத்திற்கு இது 20 கன மீட்டராகும். மக்காத சாணத்தில் களை விதைகள் உயிருடன் இருக்கும். ஆதலின் அது தகாது.

செம்மண்ணுக்கும் வறட்சிக்கும் ஏற்றது நம் அருகம்புல்லே. அதன் கணுத்துண்டுகளை 15 செ.மீ. இடைவெளியில் நட்டால், மேற்கூறிய பரப்பிற்குச் சுமார் 44,000 துண்டுகள் தேவை. புல் வேரூன்றிய பின் அடிக்கடி வெட்டுக. ஆனால் ஒரு தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. மிக ஒட்ட வெட்டினால் வெயில் தரையை எட்டி, களை விதைகள் முளைக்கும்.

ரசாயனக் களைக்கொல்லியை முதல் ஆயுதமாகக் கருதுவது சரியன்று. கிளைபோசேட் மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வாயிலாகவே தெளிக்க வேண்டும் என மத்திய அரசு 2022-இல் கட்டுப்பாடு விதித்தது. மேலும் அது களையை மட்டுமன்றி, அருகம்புல்லையும் கொல்லும்.

இறுதியாக, நீரைக் கணக்கிடுவோம். 1,000 சதுர மீட்டரில் 25 மி.மீ. ஆழத்திற்கு ஒருமுறை நீர் பாய்ச்ச 25,000 லிட்டர் தேவைப்படும். கிணறு அதற்கு ஈடுகொடாதெனில், நிலம் முழுவதையும் ஒருங்கே நடாமல், காற்பங்கை முதலாண்டில் செம்மையாக வளர்த்து, அதிலிருந்தே நடுபுல் எடுத்து ஏனைய பகுதிகளுக்குப் பரப்புக. அடர்ந்த சிறு புல்தரை, களை மண்டிய பெரும் மைதானத்தைவிட மேலானது.