பழச்சுவை பபள் டீ: வீட்டில் செய்வோம், அளவோடு குடிப்போம்

வார இறுதியில் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். கையில் பெரிய பிளாஸ்டிக் கோப்பை. "பாட்டி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று ஆசையாக நீட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருவதில்லை. அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரை, பொய்ப்பல், மருத்துவர் சொன்ன அறிவுரை எல்லாம் நினைவுக்கு வருகின்றன.

பபள் டீயை முற்றிலும் விட்டுவிடுங்கள் என்று சொல்வது இந்தக் கையேட்டின் நோக்கம் அன்று. கோப்பையில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, உங்கள் சமையலறையில் உள்ள பொருள்களைக் கொண்டே சீனி குறைந்த, விழுங்க எளிதான பழச்சுவை பபள் டீயைச் செய்து, பேரப்பிள்ளைகளுடன் சேர்ந்து குடியுங்கள்.

பபள் டீ என்றால் என்ன?

1980களில் தைவானில் தோன்றிய பானம் இது. தேநீர், சீனிப்பாகு, மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்த முத்துகள் ஆகிய மூன்றும் இதில் இருக்கும். சில வகைகளில் பாலும் சில வகைகளில் பழச்சுவையும் சேர்ப்பார்கள்.

பெயர் புதியதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் புதியதன்று. பாயாசத்தில் போடும் ஜவ்வரிசியும் பெரும்பாலும் மரவள்ளி மாவில் செய்யப்படுவதுதான். பபள் டீ முத்து அதைவிடப் பெரியது, மென்று தின்ன வேண்டியது. கடைகளில் முத்துகளை வேகவைத்த பிறகு சீனிப்பாகில் ஊறவைப்பது வழக்கம். ஆகவே, தேநீரில் கலக்கும் சீனி ஒரு கணக்கு, முத்தில் ஊறியிருக்கும் சீனி இன்னொரு கணக்கு.

ஒரு கோப்பையில் எவ்வளவு சீனி?

ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதை நீங்களே கணக்கிடலாம்.

சிங்கப்பூரில் பானங்களுக்கு 'நியூட்ரி-கிரேடு' தரக்குறியீடு உள்ளது. பொட்டலத்தில் விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் அப்போதே தயாரித்துத் தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் இது நடப்பில் உள்ளது. சீனியும் நிறைவுற்ற கொழுப்பும் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கிறார்கள். சீனியை மட்டும் பார்த்தால், 100 மில்லிலிட்டரில்:

• ஏ: 1 கிராமுக்கு மேல் இல்லை
• பி: 1 கிராமுக்கு மேல், 5 கிராம் வரை
• சி: 5 கிராமுக்கு மேல், 10 கிராம் வரை
• டி: 10 கிராமுக்கு மேல்

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மில்லிலிட்டர் பானம் 'சி' தரத்தில் இருந்தால், அதில் 25 முதல் 50 கிராம் வரை சீனி இருக்கலாம். அதாவது 5 முதல் 10 தேக்கரண்டி. 'டி' என்றால் 10 தேக்கரண்டிக்கும் மேல்.

ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவர், சேர்க்கப்படும் சீனியை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வயது கூடும்போது உடலுக்குத் தேவையான கலோரி பொதுவாகக் குறையும். அப்போது சீனியின் அளவும் குறைய வேண்டும். ஒரே கோப்பையில் ஒரு நாளின் அளவு முடிந்துவிடலாம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

'பழச்சுவை' என்றால் பழமா?

எப்போதும் அப்படி இல்லை. பல பானங்களில் பழச்சுவை ஊட்டிய சீனிப்பாகையோ பொடியையோ கலப்பார்கள். நிறமும் மணமும் இருக்கும். பழத்தின் நார்ச்சத்து இருக்காது.

பழத்தைப் பிழிந்து சாறாக எடுத்தாலும் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், சீனி மட்டும் சாற்றில் தங்கும். ஆகவே, நம் செய்முறையில் பழத்தைப் பிழிவதில்லை. பாதியை மசித்தும் பாதியைப் பொடியாக நறுக்கியும் சேர்க்கிறோம்.

வீட்டில் செய்வோம் (இருவருக்கு)

தேவையானவை:

• தேயிலைப் பை 2
• கொதிநீர் 300 மில்லிலிட்டர்
• சிறிய வெள்ளை ஜவ்வரிசி 2 மேசைக்கரண்டி
• நன்கு பழுத்த மாம்பழத் துண்டுகள் 160 கிராம் (ஏறத்தாழ ஒரு சிறிய கிண்ணம்)
• கலமான்சி எலுமிச்சை 1
• புதினா இலை 4 அல்லது 5
• ஐஸ்கட்டி சிறிதளவு

செய்முறை:

1. கொதிநீரில் தேயிலைப் பைகளைப் போட்டு 3 முதல் 4 நிமிடம் வைத்திருந்து எடுத்துவிடுங்கள். பைகளைப் பிழிய வேண்டாம், துவர்ப்பு ஏறிவிடும். துவர்ப்பு ஏறினால் சீனி கேட்கும். தேநீர் ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

2. ஒரு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் நன்கு கொதித்த பிறகே ஜவ்வரிசியைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். அடிபிடிக்காமல் கிளறியபடி 10 நிமிடம் வேகவிடுங்கள்.

3. அடுப்பை அணைத்து, மூடி வைத்து, மேலும் 10 நிமிடம் விடுங்கள். நடுவில் உள்ள வெள்ளைப் புள்ளி மறைந்து, முத்து கண்ணாடிபோல் ஆனால் வெந்துவிட்டது. வெள்ளை தெரிந்தால் இன்னும் சில நிமிடம் வையுங்கள்.

4. வடிகட்டி, குளிர்ந்த குடிநீரில் ஒருமுறை அலசுங்கள். ஒட்டாமல் உதிரியாக இருக்கும்.

5. மாம்பழத்தில் பாதியைக் கரண்டியால் மசியுங்கள். மீதியைப் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். நார் அதிகமுள்ள பழமாக இருந்தால் நாரை நீக்கிவிடுங்கள்.

6. இரண்டு கோப்பைகளில் முதலில் ஜவ்வரிசி, அடுத்து பழம், பிறகு தேநீர் என்று ஊற்றுங்கள். கலமான்சியைப் பிழிந்து, புதினாவைக் கசக்கிப் போட்டு, ஐஸ்கட்டி இரண்டு மூன்று சேருங்கள்.

7. நன்றாகக் கலக்கி, முதலில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பு போதவில்லை என்று தோன்றினால் மட்டும் அரைத் தேக்கரண்டிச் சீனி சேர்க்கலாம்.

சீனியை முதலிலேயே போடாமல் கடைசியில் ருசி பார்த்துப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழத்துக்குப் பழம் இனிப்பு மாறும். இன்றைய மாம்பழம் தேனாக இருக்கலாம், நாளைய பழம் புளிக்கலாம். மேலும், பானம் மிகக் குளிர்ந்திருந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். அதனால்தான் குளிர்பானங்களில் சீனி அதிகமாகப் போடுகிறார்கள். ஐஸைக் குறைத்தால் சீனியையும் குறைக்கலாம்.

வேறு பழங்கள்

எந்தப் பழத்திலும் இயல்பான சீனி உண்டு. ஒருவருக்கு 80 கிராம் பழம் என்று வைத்துக்கொண்டால், அதில் இருக்கும் சீனி ஏறத்தாழ இவ்வளவு:

• மாம்பழம்: 11 கிராம். கறுப்புத் தேநீருடன் நன்றாகச் சேரும். சீனியே தேவைப்படாது.
• அன்னாசி: 8 கிராம். சிறிய துண்டு இஞ்சியைத் தட்டித் தேநீரோடு கொதிக்கவிட்டால் மணம் கூடும்.
• கொய்யா: 7 கிராம். விதையை நீக்கிவிட்டு மசியுங்கள். பச்சைத் தேநீருக்கு ஏற்றது.
• தர்பூசணி: 5 கிராம். நீர்ச்சத்து மிகுந்தது, எனவே தேநீரைச் சற்றுக் கடுப்பமாகப் போடுங்கள்.

பச்சைத் தேநீர் போடும்போது, கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, அதன் பிறகு பையைப் போட்டு 2 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கசப்பு இருக்காது.

முத்துகளை விழுங்கும்போது கவனம்

சீனியைவிட உடனடியான ஆபத்து இதுதான். கடையில் தரும் பெரிய முத்து வழுவழுப்பாகவும் இறுக்கமாகவும் இருக்கும். அகலமான உறிஞ்சுகுழலில் உறிஞ்சும்போது மெல்வதற்குள் தொண்டைக்குள் போய்விடலாம். பொய்ப்பல் அணிந்திருப்பவர்கள், பக்கவாதம் ஏற்பட்டவர்கள், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுபவர்கள் பெரிய முத்துகளைத் தவிர்ப்பது நல்லது. சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

இந்தச் செய்முறையில் சிறிய ஜவ்வரிசியைச் சேர்த்ததற்குக் காரணமும் இதுதான். ஆனாலும் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• உறிஞ்சுகுழலுக்குப் பதிலாகக் கரண்டியைப் பயன்படுத்துங்கள்.
• நிமிர்ந்து உட்கார்ந்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள்.
• வாயில் முத்தோ பழமோ இருக்கும்போது பேசவும் சிரிக்கவும் வேண்டாம்.
• விழுங்குவதில் சிரமம் இருப்பதாக மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், ஜவ்வரிசி சேர்க்காமல், அவரிடம் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

யாருக்காவது தொண்டையில் அடைத்துக்கொண்டு, பேசவோ இருமவோ மூச்சுவிடவோ முடியாமல் போனால், தாமதிக்காமல் அருகில் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள், 995 எண்ணை அழையுங்கள்.

உங்கள் உடல்நிலைக்கு ஏற்றதா?

நீரிழிவு இருந்தால்: 'இனிப்பு நீர்' உள்ளவர்களுக்குச் சீனி மட்டும் கணக்கில்லை, ஜவ்வரிசியும் கணக்கில் உண்டு. அது முழுவதும் மாவுச்சத்து. நாம் சேர்க்கும் ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியில் உள்ள மாவுச்சத்து, ஒரு துண்டு ரொட்டியில் இருப்பதை நெருங்கும். ஆகவே, பபள் டீ குடிக்கும் நாளில் அதோடு பிஸ்கட்டோ பலகாரமோ சேர்க்காதீர்கள். பபள் டீ குடிக்கப்போகிறோம் என்று வேளை உணவைத் தவிர்க்கவும் வேண்டாம். மாத்திரை, இன்சுலின் அளவை நீங்களாக மாற்றவே கூடாது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

சிறுநீரக நோய் இருந்தால்: நட்சத்திரப் பழத்தை எந்த வடிவிலும் சேர்க்காதீர்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சாகிவிடும். மற்ற பழங்களில் எது, எவ்வளவு என்பதையும், ஒரு நாளில் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேளுங்கள்.

கொழுப்பு அல்லது ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொண்டால்: கிரேப்ஃப்ரூட் பழம் சில மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டிவிடும். பொமலோவும் அதே இனத்தைச் சேர்ந்தது. இவற்றைச் சேர்ப்பதற்கு முன் மருந்தாளரிடம் உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டால்: தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரையையும் தேநீரையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் நேரம் விடுங்கள்.

தூக்கம் வராமல் சிரமப்பட்டால்: தேநீரில் காஃபீன் உண்டு. காலையிலோ பிற்பகல் தொடக்கத்திலோ குடியுங்கள். மாலைக்குப் பிறகு வேண்டாம்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

சீனிக்குப் பதிலாகத் தேனோ கூலா மெலாக்காவோ சேர்க்கலாமா?
சுவைக்காகச் சேர்க்கலாம். ஆனால் அவையும் சீனிதான். தேன், கூலா மெலாக்கா, கருப்பட்டி எல்லாம் ரத்தச் சர்க்கரையை உயர்த்தும். 'இயற்கையானது' என்பதால் அளவைக் கூட்டக் கூடாது.

பால் சேர்க்கலாமா?
கொழுப்பு குறைந்த பாலைச் சிறிதளவு சேர்க்கலாம். புளிப்பான பழம் இருந்தால் பால் திரிந்துவிடும், எனவே மாம்பழத்துடன் சேர்ப்பதாக இருந்தால் கலமான்சியை விட்டுவிடுங்கள். கெட்டிப்பால் வேண்டாம், அதில் சீனி மிக அதிகம்.

ஜவ்வரிசியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாமா?
வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். இறுகிய ஜவ்வரிசி விழுங்கக் கடினம். அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் வேகவையுங்கள். நறுக்கிய பழத்தையும் கலந்த பானத்தையும் நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

வாரத்துக்கு எத்தனை முறை குடிக்கலாம்?
தாகத்துக்குத் தண்ணீர்தான் சிறந்தது. பபள் டீயை விருந்துபோல் எப்போதாவது குடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தது என்பதற்காகத் தினமும் குடிக்கும் பழக்கமாக ஆக்கிவிட வேண்டாம்.

கடையில் வாங்க நேர்ந்தால்

வெளியே போகும்போது பேரப்பிள்ளைகள் வாங்கித் தர விரும்பலாம். அப்போது இவற்றைச் சொல்லுங்கள்:

• ஆகச் சிறிய கோப்பை.
• சீனி இல்லாமல், அல்லது ஆகக் குறைந்த சீனி அளவு.
• முத்து வேண்டாம்.
• விலைப்பட்டியலில் உள்ள தரக்குறியீட்டைப் படித்துச் சொல்லும்படி பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள். 'ஏ' அல்லது 'பி' தரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காப்பிக் கடையில் 'தே ஓ கோசோங்' கேட்டுப் பழகியவர்களுக்கு இது கடினமில்லை. அங்கே சீனி வேண்டாம் என்று சொல்லும் அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தால் போதும்.

ஒரே நாளில் சீனியை முழுவதும் நிறுத்த முடியவில்லை என்றாலும் மனம் தளராதீர்கள். இரண்டு தேக்கரண்டி போடுபவர் இரண்டு வாரத்துக்கு ஒன்றரை, பிறகு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வரலாம். நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். அதன் பிறகு பழைய இனிப்பு உங்களுக்கே திகட்டும்.

செய்து பாருங்கள்

அடுத்த முறை பேரப்பிள்ளைகள் வரும்போது, மாம்பழத்தை நறுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். ஜவ்வரிசியில் வெள்ளைப் புள்ளி மறைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை தேக்கரண்டிச் சீனி சேர்த்தோம் என்பதை எண்ணச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் கோப்பையில் எத்தனை இருக்கும் என்பதையும் அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். நாம் பத்து முறை எடுத்துச் சொல்வதைவிட, அவர்களே எண்ணிப் பார்க்கும் அந்தக் கணக்கு அவர்கள் மனத்தில் நன்றாக நிற்கும்.