டார்கெட் ஃபோல்டரை அழிக்கலாமா?

கேள்வி: ரஸ்ட் மொழியில் ஒரு புராஜெக்ட் செய்துவருகிறேன். நேற்றுவரை ஒழுங்காக பில்ட் ஆனது. இன்று கோடிங்கில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று சொல்லி நின்றுவிட்டது. டார்கெட் ஃபோல்டரை அழித்துவிடச் சொல்கிறார் நண்பர். அழித்தால் எழுதியதெல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது. டார்கெட் ஃபோல்டரில் இருப்பவை கம்பைலர் உண்டாக்கியவை, மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் முழுதாக அழிக்க அவசரப்படாதீர்கள்.

நீங்கள் மாற்றிய வரியில் தப்பே இருந்தாலும், கம்பைலர் அதைச் சுட்டிக்காட்ட வேண்டுமே தவிர, தானே விழுந்துவிடக் கூடாது. அப்படி விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்க்ரிமென்டல் கேஷ். போன பில்டில் கண்டறிந்ததை ஃபிங்கர்பிரிண்டோடு சேமித்துவைத்து, மாறாத பகுதிகளை கம்பைலர் அப்படியே எடுத்துக்கொள்கிறது. அந்த ஒப்பீடு பிசகினால் பழையதைப் புதியதென்று நம்பிவிடும்.

2021 மே மாதம் வந்த ரஸ்ட் 1.52 இந்த ஃபிங்கர்பிரிண்ட்களைச் சரிபார்க்கத் தொடங்கியது. அதுவரை சத்தமில்லாமல் கிடந்த பிசகுகள் எரராக வெளியே வந்தன. நான்கே நாளில் 1.52.1 வெளியிட்டு, இன்க்ரிமென்டல் கம்பைலேஷன் தானாக இயங்காதபடி நிறுத்திவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் வந்த 1.59-இலும் அதை நிறுத்த வேண்டிவந்தது. உங்கள் பில்ட் நின்றதில் ஒரு நன்மை உண்டு. கெட்டுப்போன கேஷை நம்பி பில்ட் முடிந்திருந்தால், தப்பான புரோகிராம் கைக்கு வந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

முதலில் எரர் மெசேஜ் முழுவதையும், ரஸ்ட் வெர்ஷனையும் ஒரு ஃபைலில் சேமியுங்கள். பிறகு டார்கெட்டுக்குள் டீபக், அதற்குள் இன்க்ரிமென்டல் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை மட்டும் அழித்துவிட்டு பில்ட் செய்யுங்கள். வெளியிலிருந்து எடுத்த க்ரேட்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்காது. அதற்கும் மசியவில்லையென்றால் 'கார்கோ கிளீன்' கொடுங்கள். அது டார்கெட்டை முழுதாகத் துடைத்துவிடும், அடுத்த பில்டுக்கு நேரம் பிடிக்கும். டவுன்லோட் ஆன க்ரேட்கள் கார்கோவின் தனி ஃபோல்டரில் இருப்பதால், இன்டர்நெட் செலவு மிச்சம்.

இதே தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், தினமும் அழித்துக்கொண்டிருக்காதீர்கள். 'ரஸ்ட்அப் அப்டேட்' கொடுத்து கம்பைலரைப் புதுப்பியுங்கள். அதுவரை 'கார்கோ_இன்க்ரிமென்டல்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 0 கொடுத்து வேலையை ஓட்டலாம். எல்லாவற்றையும் துடைத்த பிறகும் அதே எரர் வருகிறதா? அப்படியானால் கேஷ் மேல் பழி இல்லை, கம்பைலரிலேயே பிழை இருக்கிறது.

எது எப்படியானாலும், சேமித்துவைத்த எரர் மெசேஜை ரஸ்ட் குழுவின் கிட்ஹப் பக்கத்தில் பதிவுசெய்யுங்கள். அழித்ததும் சரியாகிவிட்டது என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.